தேசிங்கு ராஜாவின் காலாவதியான பர்மான்

போன டிசம்பரில் சிங்கப்பூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு நானும் அம்மாவும் ஊர் திரும்பினோம். இறங்கிய விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனைக்கு இரண்டு வழி. ஒன்று எல்லோரும் நிற்கிற வரிசை, இன்னொன்று தானியங்கிக் கதவு. நான் முன்பே பதிவு செய்து வைத்திருந்தேன். பாஸ்போர்ட்டை வைத்து, விரலை வைத்து, கேமராவைப் பார்த்தேன். கதவு திறந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அம்மா பொது வரிசையில் நின்றார். அவருக்கும் பதிவு செய்து கொடுக்கலாம் என்று ஏற்கெனவே ஒரு கவுன்டருக்குக் கூட்டிப் போயிருந்தேன். விரல் ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு வைத்தோம், ஈரப்படுத்தி வைத்தோம், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தோம். செஞ்சிக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லையில் நாற்பது வருஷம் களை பறித்து மல்லாட்டை உரித்த கை அது. ரேஷன் கடை மெஷினிலும் இதே கதைதான். "எனக்கு ரேக தேஞ்சி போச்சுப்பா, வுடு" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார்.

அன்றைக்கு அவர் வெளியே வர ஐம்பது நிமிஷம் ஆனது. பெட்டி வருகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தபோதுதான் இந்தக் கட்டுரை தொடங்கியது. செஞ்சியில் பிறந்தவனுக்குச் சும்மா உட்கார வைத்தால் கோட்டை ஞாபகம் வந்துவிடும். எங்கள் ஊர் வழியாக அந்தக் காலத்தில் யாரெல்லாம் சோதனை இல்லாமல் போனார்கள்? யார் சொல்லிப் போனார்கள்?

முதலில் இன்றைய திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்துறை அமைச்சகத்தின் இந்த 'நம்பிக்கைக்குரிய பயணி' திட்டம் 2024 ஜூன் 22 அன்று டெல்லி விமான நிலையத்தில் தொடங்கியது. 2025 ஜனவரியில் சென்னை உட்பட இன்னும் 7 விமான நிலையங்களுக்கு வந்தது, அதே வருஷம் செப்டம்பரில் திருச்சிக்கும் வந்தது. இந்தியக் குடிமக்களும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். அரசு முன்கூட்டியே உங்களைப் பற்றி விசாரித்துக்கொள்ளும், விரல் ரேகையும் முகமும் பதிந்துகொள்ளும். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் அதிகாரி முன்னால் நிற்க வேண்டியதில்லை. பதிவு அதிகபட்சம் 5 வருஷம் செல்லும். அதற்குமுன் பாஸ்போர்ட் காலாவதியானால் அதுவும் அதோடு போச்சு. அமெரிக்காவின் குளோபல் என்ட்ரி 2008-இல் வந்த இதே வகைத் திட்டம்தான், 2017-இலிருந்து அதில் இந்தியர்களும் சேரலாம். அதில் ஒரு சின்னச் சுங்க விதிமீறல் போதும், உங்களைத் தூக்கிவிடுவார்கள்.

என் தொழில் மொழியில் சொன்னால் இது ஒரு கேஷ். ஒரு தடவை கஷ்டப்பட்டுச் சரிபார்த்ததை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த தடவை அந்த விடையையே பயன்படுத்துவது. வேகம் கிடைக்கும். ஆனால் எடுத்து வைத்த விடை எப்போது செல்லாமல் போகிறது, அதை யார் முடிவு செய்வது என்பதில்தான் எங்களுக்கு ராத்திரித் தூக்கம் போகும். செஞ்சியின் கதையும் பெரும்பாலும் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

1689-க்குப் போவோம். மார்ச் மாதம் ஔரங்கசீப் சம்பாஜியைக் கொன்றுவிட்டார். மராத்தியத் தலைநகர் ராய்கட் முற்றுகையில். சம்பாஜியின் தம்பி ராஜாராம் அங்கிருந்து தப்பிப் பன்ஹாளா கோட்டைக்கு வருகிறார். அங்கேயும் முகலாயப் படை வந்துவிட, மிஞ்சியிருக்கிற ஒரே பத்திரமான இடம் தெற்கே இருக்கிறது. 1677-இல் சிவாஜி பிடித்த செஞ்சி. நடுவில் முகலாயக் காவல்கள் நிறைந்த நூற்றுக்கணக்கான மைல். ராஜாராமும் ஒரு சின்னக் கூட்டமும் என்ன வேஷத்தில் கிளம்பினார்கள் தெரியுமா? லிங்காயத்து யாத்திரிகர்களாக.

யாத்திரிகர் வேஷத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஊகிக்கக் கஷ்டமில்லை. ஊர் ஊராகப் போவதற்கு அவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கையில் சரக்கு இல்லை, அதனால் சுங்கம் கேட்பவனுக்கு அவர்களால் லாபமில்லை. காவி வேட்டியும் திருநீறுமே அனுமதிச் சீட்டு. கெளதியில் ராணி சென்னம்மா உதவினார், அதற்காக ஔரங்கசீப்பின் படையையும் எதிர்கொண்டார். துங்கபத்திரை பக்கத்தில் ஒரு மோதல், கூட வந்தவர்களில் பலர் பிடிபட்டார்கள். பெங்களூர் வந்து சேர்ந்தபோதுதான் வேஷம் கலைகிற மாதிரி ஆனது. மராத்திய மரபு சொல்கிற காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கூட்டத்தில் ஒருவருடைய காலை மட்டும் இன்னொருவர் கழுவிவிட்டிருக்கிறார். பார்த்தவனுக்குப் பொறி தட்டிவிட்டது: யாத்திரிகர்களுக்குள் ஏது எஜமான், ஏது வேலைக்காரன்? தகவல் காவலுக்குப் போவதற்குள் ராஜாராம் வேறு வழியில் நழுவினார். கண்டோ பல்லாளும் சிலரும் பின்தங்கி மாட்டிக்கொண்டு, அடி உதை வாங்கியும் நாங்கள் யாத்திரிகர்கள்தான் என்றே சாதித்தார்களாம்.

வேலூர் வழியாக நவம்பர் வாக்கில் ராஜாராம் செஞ்சி வந்து சேர்ந்தார். இங்கேதான் வேடிக்கை. இத்தனை காவலைத் தாண்டி வந்தவருக்குத் தன் சொந்தக் கோட்டையில் கதவு உடனே திறக்கவில்லை. செஞ்சியை ஆண்டுகொண்டிருந்த ஹர்ஜி மகாதிக் அப்போதுதான் இறந்திருந்தார். அவருடைய மனைவி அம்பிகாபாய் சிவாஜியின் மகள், அதாவது ராஜாராமுக்கு அக்கா முறை. கோட்டையைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்க அவர் முதலில் தயங்கினார், பிறகுதான் வழிக்கு வந்தார். அடையாளம் நிரூபிக்கப்பட்டால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வேஷம் போட்டு வருபவர்களை விடுங்கள், வியாபாரிகள் எப்படிப் போனார்கள்? கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவில் சரக்கு போகிற ஒவ்வொரு பாதையிலும் சாவடிகள். ஒவ்வொரு பாளையக்காரனும், ஒவ்வொரு குத்தகைக்காரனும் தன் எல்லையில் ஒரு கை பார்ப்பான். நம்முடைய 'சுங்கம்' என்ற சொல் ஆங்கிலக் கம்பெனியின் பழைய பதிவுகளில் 'ஜங்கன்' என்று ஏறிவிட்டது. எத்தனை எரிச்சலோடு எழுதியிருப்பார்கள் என்று கற்பனை செய்துகொள்ளலாம். சுங்கம் தவிர்த்த சோழன் என்று குலோத்துங்கனுக்கு ஏன் பெயர் நின்றது என்பதும் இந்தச் சாவடிகளை நினைத்துப் பார்த்தால் புரியும்.

இதிலிருந்து தப்பிக்க வழி, மேலே இருப்பவரிடம் ஒரு காகிதம் வாங்குவது. நாயக்கரோ நவாபோ தந்தால் கவுல் அல்லது பர்வானா, பாதுஷாவே தந்தால் பர்மான். 'கவுல்' அரபிச் சொல், பொருள் வாக்கு. 'வாக்குக் கொடுத்திருக்கிறேன், இவனை விடு' என்பதுதான் சாரம். 1608-இல் டச்சுக்காரர்கள் செஞ்சி நாயக்கரிடம் கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினத்தில் இருந்துகொள்ள அனுமதி வாங்கினார்கள். போர்த்துகீசியர் சும்மா இருப்பார்களா? வேலூரில் இருந்த ராயரிடம் போய் நின்றார்கள். செஞ்சிக்கு மேலே ராயர் இருக்கிறார் அல்லவா? டச்சுக்காரருக்கு நாயக்கர் தந்த அனுமதி ஆட்டம் கண்டது. காகிதம் கொடுத்தவருக்கு மேலே இன்னொருவர் இருந்தால் உங்கள் காகிதத்தின் ஆயுள் அவர் கையில்.

இந்த விளையாட்டை முழுசாகக் கற்றுக்கொண்டது ஆங்கிலக் கம்பெனி. ராஜாராம் செஞ்சியில் இருந்தபோது அவருக்குப் பணமுடை. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனிக்கு விற்றார், எலிஹு யேல் சென்னையில் கவர்னராக இருந்த காலம். கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கி குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு. நல்ல பீரங்கியாகத் தேர்ந்தெடுத்துச் சுட்டார்கள். கடலூரே அதற்குள் வந்துவிட்டது. 'குண்டு கிராமங்கள்' என்று இன்றைக்கும் சரித்திரத்தில் பேர் இருக்கிறது. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை.

அதே மாதங்களில் செஞ்சியை முற்றுகையிட ஜுல்பிகர் கான் வந்து இறங்கிவிட்டார். 1698 தொடக்கம் வரை நீண்ட முற்றுகை. கம்பெனி என்ன செய்தது? உள்ளே இருப்பவரிடம் வாங்கிய காகிதம் பெட்டியில் பத்திரமாக இருக்க, வெளியே கூடாரம் போட்டிருப்பவர்களிடமும் காகிதம் வாங்கியது. சென்னையில் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை எல்லாம் 1693-இல் கம்பெனி கைக்கு வந்தது இப்படி முகலாயத் தரப்பு கொடுத்ததில்தான். செஞ்சியில் யார் ஜெயித்தாலும் கம்பெனியிடம் ஜெயித்தவர் கையெழுத்து இருக்கும். டிசாஸ்டர் ரிகவரி என்று நாங்கள் இன்று மீட்டிங் போட்டுப் பேசுவதை அவர்கள் அன்றே செய்து முடித்திருக்கிறார்கள்.

இப்போது தேசிங்குக்கு வருகிறேன். தேசிங்குராஜன் கதையில் பாராசாரிக் குதிரையும் நண்பன் மகமத்கானும் நிற்கிற அளவுக்கு அந்தச் சண்டை எதனால் வந்தது என்பது நம் மனசில் நிற்பதில்லை. ஒரு காகிதப் பிரச்சனையும் அதில் உண்டு.

கோட்டை விழுந்த பிறகு ஔரங்கசீப் செஞ்சியை சொரூப்சிங் என்ற புந்தேலா ராஜபுத்திரருக்குக் கொடுத்தார், பர்மானோடு. ஔரங்கசீப் 1707-இல் இறந்தார். 1714 வாக்கில் சொரூப்சிங்கும் இறந்தார். அப்பாவின் காரியம் செய்ய வந்த மகன் தேஜ்சிங், அதாவது நம் தேசிங்கு, பெட்டியைத் திறந்து அப்பாவுக்கு ஔரங்கசீப் கொடுத்த பர்மானை எடுத்து வைத்தார். அதற்குப் பூஜை போட்டார். ஆட்சியில் உட்கார்ந்தார். அருகிலிருந்த அதிகாரி பய்யா ராமகிருஷ்ணர் ஒரு யோசனை சொன்னார்: டெல்லியில் இப்போது புது பாதுஷா, இந்தப் பர்மானை அவரிடம் புதுப்பித்து வாங்கிக்கொண்டு அப்புறம் உட்காருவதுதான் முறை. தேசிங்கு கேட்கவில்லை. பாதுஷா கொடுத்த பர்மான் கையில் இருக்கிறது, இனி யாரிடம் போய் எதைக் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி.

ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்கு இது வசதியாகப் போயிற்று. தேசிங்கின் உரிமையை அவர் ஏற்கவில்லை, கப்ப பாக்கியையும் சேர்த்துக்கொண்டார், படையோடு வந்தார். 1714 அக்டோபர் 3 அன்று தேசிங்கு போரில் செத்தார். மீதியைத் தெருக்கூத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நான் சின்ன வயசில் கேட்டபோது தேசிங்கு வீரன், நவாப் வில்லன். இப்போது பார்த்தால் தேசிங்கு செய்த தவறு எங்கள் ஆபீசில் வாரம் ஒருவர் செய்கிற தவறு. கொடுத்தவர் மாறிவிட்டார் என்பது டோக்கனில் எழுதியிருக்காது. பழைய டோக்கனைக் கும்பிட்டால் கதவு திறக்காது.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். ஏனென்றால் அதே 1714-இல்தான் கம்பெனி ஜான் சர்மன் தலைமையில் ஒரு தூதுக்குழுவை டெல்லிக்கு அனுப்பியது, அதே புது பாதுஷா பரூக்சியரிடம். குழுவில் இருந்த வைத்தியர் வில்லியம் ஹாமில்டன் பாதுஷாவின் நோயைக் குணப்படுத்தியதும் அவர்களுக்கு உதவியது. மூன்று வருஷம் காத்திருந்து 1717-இல் வாங்கிவிட்டார்கள். வங்காளத்தில் வருஷத்துக்கு 3,000 ரூபாய் கட்டினால் போதும், கம்பெனி சரக்குக்குச் சுங்கமே இல்லை. சென்னைக்கு இருந்த பழைய சலுகைகளும் உறுதியாயின. கம்பெனித் தலைவர் கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டுக் கொடுப்பார், அதைக் காட்டினால் எந்தச் சாவடியிலும் மூட்டையை அவிழ்க்கக் கூடாது. அந்தச் சீட்டின் பெயர் தஸ்தக். பாரசீகத்தில் 'தஸ்த்' என்றால் கை.

பரூக்சியர் கதி என்ன ஆயிற்று? 1719-இல் சொந்த மந்திரிகளே அவரைச் சிம்மாசனத்திலிருந்து இழுத்துப்போட்டு, குருடாக்கி, கொன்றார்கள். தேசிங்குக்குச் சொன்ன நியாயப்படி பார்த்தால் கம்பெனியின் பர்மானும் அன்றோடு செத்திருக்க வேண்டும். சாகவில்லை. வங்காளத்தின் முர்ஷித் குலிகான் ஆரம்பத்திலிருந்தே முரண்டு பிடித்தார்தான், ஆனாலும் அடுத்த நாற்பத்தைந்து வருஷம் அந்தச் செத்த பாதுஷாவின் பர்மானை நீட்டி நீட்டியே தஸ்தக் ஓடியது. பின்னால் கப்பலும் பீரங்கியும் வெள்ளிப் பணமும் இருந்தன. தேசிங்கின் பின்னால் சில நூறு குதிரைவீரர்கள். ஒரே பேரரசின் இரண்டு காகிதங்கள், ஒன்று கொடுத்தவரோடு செத்தது, இன்னொன்று கொடுத்தவரைத் தாண்டி வாழ்ந்தது. காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை மட்டும் வைத்து இதை விளக்க முடியவில்லை.

அந்தத் தஸ்தக் என்ன செய்தது என்பது எல்லோரும் பள்ளியில் படித்ததுதான், ஆனால் மனப்பாடப் பகுதியாகப் படித்துவிட்டு விட்டுவிடுகிறோம். கம்பெனி சரக்குக்கு என்று கொடுத்ததைக் கம்பெனி ஊழியர்கள் தங்கள் சொந்த வியாபாரத்துக்கும் பயன்படுத்தினார்கள். அவர்களுடைய குமாஸ்தாக்கள் பயன்படுத்தினார்கள். காசுக்கு வெளியாட்களுக்கும் விற்றார்கள். பிளாசிக்குப் பிறகு கேட்க ஆளே இல்லை. உப்பு, வெற்றிலை, பாக்கு, புகையிலை என்று ஊர்க்காரன் சுங்கம் கட்டி விற்கிற சாமானை எல்லாம் தஸ்தக்காரன் கட்டாமல் விற்றான். ஊர் வியாபாரி படுத்துவிட்டான். நவாப் மீர் காசிம் புகார் செய்தார். அப்போது கல்கத்தா கவர்னராக இருந்தவர் வான்சிட்டார்ட், நம் சென்னையில் வேலை கற்றுக்கொண்டு போனவர். ஊழியர்களின் சொந்த வியாபாரத்துக்கு 9 சதவீதம் கட்டலாம் என்று அவர் மீர் காசிமோடு பேசி முடித்தார். அவருடைய கவுன்சிலே ஒத்துக்கொள்ளவில்லை.

அப்போது மீர் காசிம் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. 1763-இல் உள்நாட்டுச் சுங்கத்தையே எல்லோருக்கும் எடுத்துவிட்டார். உனக்கு இல்லையென்றால் யாருக்கும் இல்லை. தன் வருமானத்தைத் தானே வெட்டிக்கொண்டார். கம்பெனிக்கு இதில் என்ன நஷ்டம்? அவர்கள் முன்பும் கட்டவில்லை, இப்போதும் கட்டப் போவதில்லை. ஆனாலும் குதித்தார்கள், இது பர்மானுக்கு விரோதம் என்றார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது தாங்கள் வேகமாகப் போவது அல்ல, மற்றவர்கள் மெதுவாகப் போவது. சண்டை மூண்டது. 1764 அக்டோபரில் பக்சர், அடுத்த வருஷம் வங்காளத்தின் வரி வசூல் உரிமையே கம்பெனிக்கு.

இன்றைய திட்டத்தை இதோடு ஒப்பிடுவது அநியாயம் என்று சிலர் சொல்வீர்கள். ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். என் பதிவை நான் யாருக்கும் விற்க முடியாது, என் கட்டைவிரல் என்னிடம்தான் இருக்கிறது. அதைக் காட்டி வரியும் ஏய்க்க முடியாது, ஏனென்றால் அது குடியேற்றச் சோதனைக்கு மட்டும், சுங்கம் தனி. தஸ்தக்குக்கு இன்றைய நேரடி வாரிசு வேண்டுமென்றால் சுங்கத்துறை நிறுவனங்களுக்கு 2011-இலிருந்து கொடுக்கிற ஏஇஓ அங்கீகாரத்தைத்தான் சொல்ல வேண்டும்: பல படிகள், படி உயர உயரச் சோதனை குறையும், தீர்வையைப் பிறகு கட்டலாம். அதிலும் கணக்குத் தணிக்கை எல்லாம் உண்டு, கல்கத்தாக் கூத்து நடக்காது. ஆனால் பெல்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் யோசித்தது ஏய்ப்பைப் பற்றியல்ல. அம்மாவைப் பற்றி இந்த நாட்டு அரசுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. விசாரித்தால் என்னைவிடச் சுத்தமாகத்தான் இருப்பார். உழைத்ததால் தேய்ந்த விரல் என்பதைத் தவிர அவரைப் பொது வரிசையில் நிறுத்த ஒரு காரணமும் இல்லை. கீபோர்டைத் தவிர எதையும் தொடாத என் விரல் வழவழவென்று பதிந்துவிட்டது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவோடு கோட்டைக்குப் போனேன். 2025 ஜூலையில் மராத்திய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் அதிகம், டிக்கெட் கவுன்டரில் நல்ல வரிசை. ராஜகிரி ஏறுவதற்கு அம்மாவுக்கு முட்டி ஒத்துழைக்காது. கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்து இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். தேசிங்கு கதை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், விடிய விடியக் கூத்துப் பார்த்தவர். பர்மான் சங்கதி மட்டும் புதுசு.

"ஏம்பா, அவன் டில்லிக்குப் போயி அந்தக் காயிதத்தப் புதுப்பிச்சிருந்தா பொழச்சிருப்பானா?"

அந்தப் பாதுஷாவே 1719-இல் போய்விட்டார் என்றேன். 1714-இல் புதுப்பித்திருந்தாலும் 5 வருஷம்தான் ஓடியிருக்கும்.

"உன்னுதும் அஞ்சு வருசந்தான?"

ஆமாம் என்றேன். என் பாஸ்போர்ட் 2028-இல் முடிகிறது, அதனால் அதுவும்கூட முழுசாக இல்லை. அம்மா மடியில் இருந்த மல்லாட்டையை உரித்து ஒரு கை என்னிடம் நீட்டினார்.